கரண்டியை ஏன் கொடுத்தாய்?

கண்ணு,

துறைத் தலைவர் ஆகிவிட்டதாக நேற்று போன் செய்து சொன்னாய். நான் "சரி" என்றேன். நீ, "இன்னாம்மா, சந்தோஷமா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று கேட்டாய். "அடுப்புல பால் வெச்சிருக்கேன், பொங்கிடும்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, "புள்ள பெரியாளாயிட்டேன்னு சொல்றான், நீ இன்னாடி மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?" என்று கத்தினார். போனில் சண்டை போட்டால் நீ "சிக்னல் இல்லம்மா" என்று தப்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். சனிக்கிழமை அப்பா கேளம்பாக்கம் வரும்போது கொண்டுவருவார். வழியில் பிரித்துப் படிப்பாரோ என்று பயப்படாதே, கண்ணாடியை எங்கேயோ தொலைத்துவிட்டார். நீ மட்டும் படி, முழுக்கப் படி.

எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. நம் தெருவில் கல்லூரியில் துறைத் தலைவராக இருப்பவர் வேறு யார்? நியாயமாகப் பார்த்தால் ஸ்வீட் வாங்கி வீடு வீடாகக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால்தான் செல்வி வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அங்கே பார்த்ததை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் ஸ்வீட் கொடுக்க முடியாது.

செல்வியை உனக்குத் தெரியும். நான் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்த கடைசி ஆறு வருஷம் எனக்கு உதவியாளராக இருந்தவள். அவள் மகள் மோனிஷா உன்னிடம் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பிளஸ் டூ முடித்ததும் கேட்டரிங்தான் படிப்பேன் என்று அந்தப் பெண் அடம் பிடித்தபோது செல்வி என்னிடம் ஓடி வந்தாள். "பொட்டப் புள்ளைய ஓட்டல் வேலைக்கு படிக்க வெக்கிறியான்னு எல்லாரும் கேக்குறாங்கக்கா, இன்னா பண்றதுன்னே தெர்ல" என்றாள். "எம்புள்ள அங்க சாரா கீறான். கண்ண மூடிக்கினு அனுப்பு" என்றேன். அவள் உன் கல்லூரியை நம்பி அனுப்பவில்லை. என் வாயை நம்பி அனுப்பினாள். இதை மறக்காமல் மேலே படி.

இனி மோனிஷா என்னிடம் சொன்னபடி நடந்ததைச் சொல்கிறேன். எங்காவது தப்பு இருந்தால் திருத்து, நீதான் வாத்தியாராயிற்றே. உன் கல்லூரி டிரஸ்டியின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், மாமல்லபுரம் போகிற வழியில் கடற்கரையை ஒட்டிய மண்டபத்தில். செய்முறைப் பயிற்சி என்று பெயர் வைத்து உன் மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைகளை ஊரார் கல்யாணத்துக்கு வேலை வாங்குவது எந்த ஊர்ப் பயிற்சி என்ற எரிச்சல் எனக்குத் தனியாக இருக்கிறது, அது இருக்கட்டும். மோனிஷாவுக்கு நீ கொடுத்த வேலை பால் பாயசம். ஒன்றரை மணி நேரமாக அண்டாவின் முன் நின்று அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்தாள். இன்னும் சர்க்கரை போடவில்லை. அப்போது பெண் வீட்டுப் பெரிய மனுஷர் ஒருத்தர் சமையல்கட்டை மேற்பார்வை பார்க்கிறேன் என்று உள்ளே வந்தார். செல்வி இருக்கிற காலனிக்குப் பக்கத்து ஊர்த்தெருக்காரர். "நீ செல்வி பொண்ணு இல்ல?" என்று கேட்டார். தெரிந்த முகம் என்ற சந்தோஷத்தில் இவளும் "ஆமாண்ணா, நல்லாகீறீங்களா?" என்றாள். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். பத்து நிமிஷத்தில் டிரஸ்டியின் மேனேஜர் வந்து உன் காதில் என்னவோ சொன்னார். நீ நேராக அண்டாவுக்கு வந்தாய். "மோனிஷா, கரண்டிய கார்த்திக்கிட்ட குடுத்துட்டு நீ பின்னாடி போய் பாத்திரம் பாரு" என்றாய்.

அவள் கொடுத்தாள். பந்தி முடிந்து வேன் கிளம்புகிற வரைக்கும் பின்னால் பாத்திரம் தேய்த்தாள். மறுநாளிலிருந்து கல்லூரிக்கு வரவில்லை. இந்தச் சனிக்கிழமையோடு பதினைந்து நாள் ஆகிறது. வருகிற புதன்கிழமை அவளுக்குக் கடைசி வருஷச் செய்முறைத் தேர்வு. போகாவிட்டால் மூன்று வருஷம் பாழ். இது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் தேர்வு அட்டவணையில் கையெழுத்துப் போட்டவனே நீதான். ஒரு பெண் பதினைந்து நாளாக வரவில்லையே என்று ஒரு போன் பண்ணினாயா?

செல்வி எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாகப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு வருஷம் ஒரே புகையில் கண் எரிந்தவர்கள் நாங்கள். "இன்னாடி, பாத்தும் பாக்காத மாரி போற?" என்று கையைப் பிடித்தேன். "ஒண்ணுமில்லக்கா, வேலயா போறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்படியே அவளோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

மோனிஷாவின் வெள்ளைக் கோட்டு துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு ஆணியில் தொங்குகிறது. அதன்மேல் தூசி படாமல் இருக்க ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருக்கிறாள். போக மாட்டேன் என்கிற பெண் எதற்குக் கோட்டுக்கு இஸ்திரி போடுகிறாள்? அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் நீ முதல் நாள் வகுப்பில் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி, சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறாள்: "அடுப்பில் நிற்பவர் கையிலிருந்து நடுவில் கரண்டியை வாங்கக் கூடாது. அவர்தான் அதை முடிக்க வேண்டும்." கீழே உன் பெயர்.

"சார் மேல கோவமா?" என்று கேட்டேன். "கோவம்லாம் இல்ல பெரிம்மா. சார் என் மூஞ்சிய பாத்து சொல்லியிருந்தா நான் திருப்பி கேட்டிருப்பேன். அவரு அண்டாவ பாத்துக்கினே சொன்னாரு. அவருக்கும் தெரியுதுன்னு புரிஞ்சுபோச்சு. அப்புறம் இன்னான்னு கேக்குறது?" என்றாள். அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தைகூட உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, உனக்கு கிச்சனப் பத்தி தெரியாது. அது ரொட்டேஷன். ஆளுங்கள மாத்தி மாத்தி போடுறது சகஜம்." எனக்கா சமையல்கட்டைப் பற்றித் தெரியாது? இருபத்தெட்டு வருஷம் இருநூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவளுக்கா? ஒன்றரை மணி நேரம் கிளறின பாயசத்தில், சர்க்கரை போடும் முன்னால், ஒருத்தியை மட்டும் எடுத்துப் பாத்திரம் கழுவப் போடுவதற்குப் பெயர் ரொட்டேஷனா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். அதையும் சோறு வடித்தவளிடமே மறைக்கப் பார்க்கிறாய். நானும் அன்றைக்கு "ஓகோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்த "ஓகோ"வுக்காக நாலு நாளாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கரண்டி விஷயம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். நீ கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்றபோது நான் எவ்வளவு ஆடினேன்! ஐ.டி.ஐ. விண்ணப்பத்தை நானே வாங்கி வந்து வைத்திருந்தேன். படித்து முடித்தால் கல்பாக்கத்தில் டெக்னீஷியன், தெருமுனைக்கே ஸ்டாஃப் பஸ் வரும், கழுத்தில் அட்டை தொங்கும். நீ அந்த விண்ணப்பத்தை மடித்து ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கேட்டரிங் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாய். "ஆம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா கரண்டி?" என்று கத்தினேன். மூன்று வாரம் சோறு போட்டேன், பேச்சு மட்டும் இல்லை. உண்மையான காரணத்தை அன்றைக்கும் உன்னிடம் சொல்லவில்லை.

பிறகு பயிற்சிக்காக ஒரு கடற்கரை ரிசார்ட்டில் போட்டார்கள். மூன்று மாதம் இறால் உரித்தாய். "பஸ்ல எம்பக்கத்துல ஒருத்தனும் ஒக்கார்றதில்லமா, சீட்டு ஃபுல்லா எனக்குத்தான்" என்று சிரித்தபடி வருவாய். விரலெல்லாம் முள் கீறின கோடு. ஒருநாள் அந்தச் சிரிப்பு இல்லாமல் வேறு மாதிரி ஒரு முகத்தோடு வந்தாய். முதல் தடவையாக உன்னை அடுப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். மீன் குழம்பு பாதி கொதிக்கும்போது, வேறொருத்தன் வந்து கரண்டியைக் கேட்டிருக்கிறான். நீயும் நீட்டிவிட்டாய். அங்கிருந்த பெரிய செஃப் வந்து அவனைப் பிடித்து விலக்கி, கரண்டியைத் திரும்ப உன் கையில் வைத்து, நடுவில் கரண்டியை வாங்குவது ஆளை வேலையை விட்டு அனுப்புவதற்குச் சமம் என்று சொன்னாராம். சோற்றுக் கையோடு எழுந்து நின்று நடித்துக் காட்டினாய். உன் அப்பா சிரித்தார். நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். அம்மாவுக்குக் கேட்டரிங்கே பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

ஓட்டலில் நன்றாக இருந்தவன், சின்னப் பிள்ளைகளைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டித்தான் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள், நான் திட்டாமல் கற்றுக்கொடுக்கிறேன் என்று வாத்தியார் வேலைக்கு வந்தாய். அதில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் கல்லூரி ஆண்டு விழாவுக்கு என்னையும் அப்பாவையும் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்கார வைத்தாய். மேடையில் பேசினாய். "எட்டாவது படிக்கும்போது எங்கம்மாவுக்கு ஒரு வருஷம் கடுமையான முதுகு வலி. அடுப்புல நிக்க முடியல. அப்போதான் நான் கரண்டிய எடுத்தேன். எங்கம்மாவோட முதுகு வலிதான் என்னை செஃப் ஆக்குச்சு" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

நீ எட்டாவது படித்த அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை இப்போது சொல்கிறேன். ஊர்த்தெரு வீடுகள் சிலவற்றிலிருந்து, பிள்ளைகளைச் சத்துணவு சாப்பிட விடாமல் நிறுத்தினார்கள். சாப்பாடு சரியில்லையா என்று கேட்டால் இல்லை. கிளறுகிற கை காலனிக் கை, அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தக்கூட இல்லை. "கொஞ்ச நாளைக்குத்தாம்மா. நீ ஒக்காந்து காய் நறுக்கு. உதவியாளம்மா கிளறட்டும். எதுக்கு வீண் பிரச்சினை?" என்றார். அப்போது உதவியாளராக இருந்தவள் ஊர்த்தெருக்காரி. ரெஜிஸ்டரில் சமையலர் நான். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை அவளிடம் நீட்டினேன். அவள்கூட வாங்கத் தயங்கினாள். "புடி" என்று நானே கையில் திணித்தேன்.

கொஞ்ச நாள் ஒரு வருஷம் ஆனது. ஒரு வருஷம் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்காத வேலை, அது ஒன்றுதான் வசதி. அடுத்த வருஷம் புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் அம்மா ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "சமையலர் நீங்கதானே, அப்புறம் ஏன் கீழ ஒக்காந்திருக்கீங்க? எழுந்திரிங்க" என்றார். எழுந்தேன். நிறுத்தின பிள்ளைகள் கொஞ்ச நாள் வீட்டு டப்பாவோடு வந்தார்கள். பிறகு முட்டை போடுகிற நாளாகப் பார்த்து ஒவ்வொருத்தராக வரிசைக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. ஆனால் கரண்டி எனக்குத் திரும்பக் கிடைத்தது இன்னொருத்தர் கேட்டதால். நான் கேட்டு வாங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. கேட்டரிங் வேண்டாம் என்று நான் ஆடியதற்குக் காரணமும் அதுதான். உன் கையையும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

அதனால் உன் பயம் எனக்குத் தெரியும். கல்லூரியில் உன்னை எந்தத் தெரு என்று இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. தலையில் உயரத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, நுனி நாக்கு இங்கிலீஷ். நீயாகவும் சொன்னதில்லை. மேனேஜர் காதில் சொன்னபோது, மறுத்துப் பேசினால் அடுத்த கேள்வி உன்னைப் பற்றி வருமே என்று பயந்துவிட்டாய். அந்தப் பெண்ணை அடுப்பிலிருந்து இறக்கினால் நீ மேலேயே இருக்கலாம் என்று கணக்குப் போட்டாய். இல்லை என்று சொல், சந்தோஷமாக நம்பிக்கொள்கிறேன். ஆனால் அண்டாவைப் பார்த்துக்கொண்டு சொல்லாதே. என்னை அடுப்பிலிருந்து இறக்கினபோது எனக்கு வேறு வேலையும் தெரியாது, கேட்க நாதியும் இல்லை. உனக்கு என்னடா கேடு? படிப்பு இருக்கிறது, கையில் தொழில் இருக்கிறது, நாளைக்கே எந்த ஓட்டலும் கூப்பிடும். ஊருக்கு உபதேசம் என்பது உனக்குத்தான் பொருந்தும். கரும்பலகையில் ஒன்று, கல்யாண மண்டபத்தில் ஒன்று. இந்த அழகில் துறைத் தலைவர் வேறு.

திட்டித் தீர்த்துவிட்டேன் என்று நினைக்காதே, இன்னும் கோபம் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி வீட்டுக்குப் போ. தனியாகப் போ, என்னைத் துணைக்குக் கூப்பிடாதே. மண்டபத்தில் நடந்தது என்ன என்பதை அதன் பெயரைச் சொல்லியே சொல். ரொட்டேஷன் என்ற வார்த்தை உன் வாயில் வந்தால் செல்வி விளக்குமாற்றை எடுப்பாள், நானும் அவளுக்குத்தான் பக்கபலம். பிறகு உன்னைப் பற்றியும் சொல். உன் தெரு எது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், அவள் இத்தனை நாள் கல்லூரியில் ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நீ என்ன செய்தாய் என்று உன்னையே கேட்டுக்கொள். புதன்கிழமை அவள் தேர்வு முடிகிற வரைக்கும் அந்த அடுப்புப் பக்கம் எந்த மேனேஜர் வந்தாலும் நீ குறுக்கே நிற்க வேண்டும். அதற்காகப் பதவி போனால் போகட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். உன் அப்பாவுக்கும் தெரியாது. முந்தாநாள் மறுபடி போய் மோனிஷாவிடம் மட்டும் சொன்னேன். உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லுமுன் நான் ஒருத்தியிடமாவது உண்மை பேசவேண்டும் என்று தோன்றியது. அவள் கேட்டுவிட்டு, "அய்யோ பெரிம்மா, சார் பாவம்" என்றாள். இத்தனை நாளில் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள் என்று செல்வி சொன்னாள்.

கரண்டியைக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது நான் அடுப்பு மூட்டாமல் படுத்திருந்தேன். "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முதுவு வலிடா, நிக்க முடியல" என்றேன். உடனே போய் அரிசி களைந்தாய். பள்ளியிலும் வீட்டிலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற ஒரு வருஷம் முனகினேன். நீ தினமும் சமைத்தாய், அப்பா தைலம் வாங்கி வந்தார், நீ பாத்திரம் கழுவின கையோடு தேய்த்துவிட்டாய். நான் "கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த முதுகில் வலியே இல்லை, கண்ணு. ஒருநாள்கூட இருந்ததில்லை.

உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் தாமதம். உனக்குப் பதினைந்து நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா.

அம்மா